சலீம் நானா எடுத்துவைத்த இரண்டாவது கோப்பை

சலீம் நானா மௌத்தான செய்தி எனக்கு யட்டவத்த பஸ்ஸில்தான் கிடைத்தது. கண்டக்டர் பியசேன டிக்கட் கொடுக்காமல் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"தலைவர் கடைக்கா?"

"வேற எங்க?"

"கடை பூட்டி. முதலாளி நேத்து போயிட்டாரு."

மாத்தளையை விட்டு எங்கும் போகாத மனிதர் எங்கே போனார் என்று கேட்டேன். பியசேன தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்திய நாள் அஸர் தொழுகைக்குப் பிறகே ஜனாஸாவை அடக்கிவிட்டார்களாம்.

அன்றைக்கே அடக்குவது அவர்கள் வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். இந்த வருத்தம் எனக்கு ஆறாது, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பிறகு கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எனக்கு நாற்காலி கொடுத்தார்கள், பேசுவதற்கு நேரம் கொடுக்கவில்லை. நிறுவையில் நேர்மையானவர் என்று ஒருவர் பேசினார். மாத்தளைக்கே இலைத் தேயிலை குடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று இன்னொருவர் பேசினார். அப்படிப் பேசியவர் சலீம் நானாவின் கடையில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. சாமான் சுற்றி வருகிற பத்திரிகைத் தாள்களை விரித்துவைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவன். எனக்குத் தெரிந்த தமிழில், எனக்குத் தெரிந்த சலீம் நானாவை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் படிக்கட்டும்.

மிளகும் ஏலமும் கராம்பும் வாங்கி விற்கிற கடை அது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. தராசுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கும். அதில் கறுத்து முறுகிய முழு இலைத் தேயிலை. விற்பதற்கல்ல, வருகிறவர்களுக்கு ஊற்றுவதற்கு. தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்தது தூள். கொதிக்கும் தண்ணீரில் அதைப் போட்டால் உடனே கறுக்கும், சீனியைக் கடித்துக்கொண்டு விழுங்குவோம். கொழுந்து பறிக்கிற நாங்கள் காய்ந்த இலை மறுபடி விரிவதை ஒருநாளும் கண்டதில்லை.

ஆனால் சலீம் நானாவைச் சந்தித்த காலத்தில் நான் தூளும் குடிப்பதில்லை. தேயிலை என்று எதையும் வாயில் வைப்பதில்லை என்று விரதம். அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் பாறைக்குக் கீழே இருந்த சரிவு எங்கள் புதைகாடு. என் மனைவி பாக்கியம் காய்ச்சலில் இறந்தபோது அங்கேதான் புதைத்தோம். தலைமாட்டில் ஒரு கல்லும் ஒரு குரோட்டன் செடியும் வைத்தேன். சில வருடங்கள் கழித்து, பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புது ஒட்டுக்கன்று நடும் வேலை தோட்டத்தில் தொடங்கியது. புதைகாட்டையும் சேர்த்து நடப்போவதாகச் சொன்னார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவன் என்ற முறையில் ஆபீசுக்குப் போனேன். துரை தலையைத் தூக்கவில்லை. பெரிய கிளாக்கர்தான் பேசினார்.

"பொணத்துக்கு எதுக்கு தலைவர் இவ்வளவு நல்ல மண்ணு? மேல வேற எடம் ஒதுக்கித் தாறோம்."

"இனிமே சாகப்போறவங்களுக்கு அது சரிங்க. இங்க கெடக்கிறவங்கள எப்படி எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போறது?"

வேலைநிறுத்தம் செய்தோம். கொஞ்ச நாளில் மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கல்லும் குரோட்டனும் போயின. சரிவில் மழைத்தண்ணீர் ஓடக் காண் வெட்டினார்கள், கயிறு பிடித்து நிரை நிரையாகக் கன்று நட்டார்கள். மூன்றாம் வருடம் அது மற்ற மலைகளைப் போலவே ஒரு மலை. என் மனைவி எந்த நிரையில் கிடக்கிறாள் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அந்த மலையின் கொழுந்தும் மற்றக் கொழுந்தோடு ஒன்றாக ஸ்டோருக்குப் போய் ஒன்றாகத்தான் அரைபட்டது. எந்தக் கோப்பையில் அவள் இருப்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? அன்றிலிருந்து எனக்கு மல்லித்தண்ணிதான். லயத்துப் பிள்ளைகள் முதல் பஸ் கண்டக்டர் வரை எனக்கு வைத்த பெயர் 'மல்லித்தண்ணித் தலைவர்'.

வீட்டுக்குப் பின்னால் விளைந்த மிளகைக் கொடுக்கத்தான் நான் சலீம் நானாவின் கடைக்கு முதலில் போனேன். மிளகை நிறுத்துவிட்டு, இரண்டு கோப்பை எடுத்து வைத்து இரண்டிலும் இலை போட்டார்.

"நான் தேத்தண்ணி குடிக்கிறதில்லைங்க," என்றேன்.

"சரி, குடிக்காதீங்க. உங்க பின்னால நிக்கிறவங்க குடிக்கட்டும்."

திரும்பிப் பார்த்தேன். மிளகு மூட்டைகள் இருந்தன. வேறு யாரும் இல்லை. அவரும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ரெண்டு பேரு வந்த மாதிரி இருந்திச்சு தலைவர். கை ரெண்டு கோப்பைய எடுத்திரிச்சு," என்றார்.

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அது நடந்தது. நான் தனியாகப் போனால் இரண்டு. இன்னொருவரோடு போனால் மூன்று. மற்றவர்களுக்கு அவர் கணக்குப் பிசகியதே இல்லை. பியசேன இதைக் கவனித்துவிட்டு ஒருநாள் மேசைக்குப் பக்கத்தில் நின்று கத்தினான்.

"முதலாளி, ஒண்ணு! தலைவருக்கு ஒண்ணே ஒண்ணு! நான் பாத்துக்கிட்டு இருக்கேன்!"

சலீம் நானா சிரித்துக்கொண்டே ஒரு கோப்பையை எடுத்து வைத்தார். இலை போட்டார். தட்டால் மூடினார். என்னோடு மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சுக்கு நடுவில் அவருடைய வலது கை தானாகப் போய் இன்னொரு கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பியசேனவின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அவன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

சலீம் நானா ஒருபோதும் என்னைக் குடிக்கச் சொன்னதில்லை. கோப்பைகள் இரண்டும் ஆறிப்போன பிறகு கொண்டுபோய்ப் பின்பக்கத்து மாதுளை மரத்தடியில் ஊற்றிவிடுவார். நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். தட்டைத் தூக்கும்போது முறுகிக் கிடந்த இலை மெல்ல நெளியும். ஓரம் பிரியும். காம்பு நிமிரும். கடைசியில் செடியில் இருந்த அதே இலை, அதே பல்லோரத்தோடு தண்ணீருக்குள் விரிந்து நிற்கும். இலைத் தேயிலையை நான் நாக்கால் அறிவதற்கு முன்னால் பல வருடம் கண்ணால்தான் குடித்தேன்.

"ஏன் இவ்வளவு நேரம் மூடி வைக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவசரப்படுத்தக்கூடாது தலைவர். காஞ்சு கெடந்தது எந்திரிச்சு வர நேரம் எடுக்கும்," என்றார்.

நான் என் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் தேயிலையைப் பற்றித்தான் சொன்னார்.

பிறகு சீனித் தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. சீனி கிடைக்காது, பால்மாவும் கிடைக்காது. வெறும் தூள் சாயத்தண்ணி யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. அப்போதுதான் கடைத்தெருவே சலீம் நானாவின் போத்தலைத் தேடி வந்தது. பியசேன கித்துள் கருப்பட்டித் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வருவான்.

"கருப்பட்டியத் துப்பிட்டு வாங்க," என்பார் சலீம் நானா.

"கசக்குமே முதலாளி!"

"கசக்காது. தூள வேக வெச்சீங்க, அதுதான் கசந்திச்சு. மூணு விரல் நுனியில வாற இலை போதும். தண்ணி கொதிச்சு எறக்கி, கொதி அடங்கின பொறவு ஊத்துங்க. மொதல் தண்ணி சாயத்தைக் காட்டும். ரெண்டாந் தண்ணிதான் பேசும்."

"என்ன பேசும்? டிக்கட் கேக்குமா?"

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக அவர்களெல்லாம் குடிக்கத் தொடங்கினார்கள். கூட்டத்தில் பேசியவர் பார்த்தது இதைத்தான். இது உண்மைதான். ஆனால் நான் சொல்ல வந்தது இதையல்ல.

என் ஒரே மகள் செல்விக்கும் அவள் புருஷனுக்கும் இந்தியாவுக்கே போய்க் குடியேறப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. பாக்கியத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவது? போவதற்கு முன்னால் செல்வி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, அம்மா கெடக்கிற எடத்துல ஒரு புடி மண்ணு எடுத்துத் தாங்க. அங்க போய் ஒரு செடிக்கு அடியில போட்டு வெச்சிக்கிறேன்."

எங்கள் தோட்டத்திலிருந்து போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பாறைக்குக் கீழே போய் நின்றேன். நான்கு நிரைகளில் ஒன்றில்தான் அவள் இருக்கவேண்டும். எது என்று தெரியவில்லை. எங்கேயாவது அள்ளிக் கொடுத்தால் என்ன என்று சிலர் சொன்னார்கள். வேறு யாருடைய அம்மாவையோ என் பிள்ளை கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போவதா? நான் தினமும் போய் அந்த நிரைகளுக்குள் நடந்தேன். கணக்கப்பிள்ளை விரட்டினார். மறுநாளும் போனேன்.

சலீம் நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் தராசை ஓரமாக ஒதுக்கிவைத்தார். பிறகு, "ஒவ்வொரு நிரையிலயும் கொழுந்து எடுத்து, வேற வேற சீலைத்துண்டுல முடிஞ்சு கொண்டாங்க," என்றார்.

"எதுக்கு?"

"கொண்டாங்களேன்."

நான் கொண்டுபோனேன். தோட்டத்துக் கொழுந்தைப் பறித்துக்கொண்டு வெளியே போவது திருட்டு என்பது அவர்கள் சட்டம். அதைத் திருட்டு என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர் அந்த நான்கு முடிச்சுக் கொழுந்தையும் தனித்தனியாக வாட வைத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். ஈரத் துணியில் மூடி, செம்பு நிறம் வந்த பிறகு இரும்புத் தாச்சியில் வறுத்து எடுத்தார். மறுநாள் பகலில், வெயில் கடைக்குள் விழுந்துகிடந்த நேரத்தில் என்னையும் செல்வியையும் உட்காரவைத்தார். நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிரையின் இலையைப் போட்டார். எது எந்த நிரை என்று அறிய, அந்தந்தச் சீலைத்துண்டு கோப்பைக்கு அடியில் இருந்தது.

"ரெண்டு கேத்தல் கொண்டாங்க," என்று திரைக்குள் சொன்னார். அவர் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ராத்தாவின் கை மட்டும் திரைக்கு வெளியே வந்து இரண்டு கேத்தல்களையும் கொடுத்தது. நாலு கோப்பைக்கு ஒன்று போதாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரை ஊற்றித் தட்டுகளால் மூடினார். நாங்கள் காத்திருந்தோம். தட்டுகளைத் தூக்கியபோது மூன்று கோப்பைகளில் இலை விரிந்து தண்ணீர் சிவந்திருந்தது. மூன்றாம் நிரையின் கோப்பையில் மட்டும் இலை போட்டபடியே முறுகிக் கிடந்தது. தண்ணீர் பச்சைத்தண்ணீராகவே இருந்தது.

"இந்த நிரைதான்," என்றார் சலீம் நானா. "மகள், இதுல போய் மண்ணெடுங்க."

செல்வி அழத் தொடங்கினாள். நான் அசையவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. விரியாமல் கிடந்த அந்த இலையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாரும் எழுந்து வந்திருக்கும்போது அவள் மட்டும் ஏன் அப்படியே கிடக்கவேண்டும்? மகள் கப்பலேறப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? கோப்பைக்கு மேல் குனிந்து, "பாக்கியம்" என்று கூப்பிட்டேன். அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல வருடமாகியிருந்தது.

இலையின் ஓரம் பிரிந்தது. ஒன்றல்ல, கிடந்த அத்தனையும். ஒவ்வொன்றாக நெளிந்து, நிமிர்ந்து, விரிந்தன. அடியிலிருந்து சிவப்பு நூல் நூலாக எழும்பித் தண்ணீரெல்லாம் பரவியது. கையால் உருட்டிய தேயிலை தாமதமாகத்தான் விரியும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் அந்தக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் வாயில் விட்டேன். நாக்கு நுனி வெந்துபோயிற்று. வாயைப் பொத்திக்கொண்டேன்.

சலீம் நானாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது. அவர் எழுந்து திரைக்குள் போனார். எனக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. சட்டைக் கை மட்டும் முழங்கை வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

செல்வி அந்த நிரையில் மண்ணெடுத்துக்கொண்டு தலைமன்னார் ரயிலேறினாள். நான் அந்த நிரையில், காணின் விளிம்பில், ஒரு கல்லை நட்டேன். கணக்கப்பிள்ளை பிடுங்கினார். மறுபடி நட்டேன். இப்போது அவர் பிடுங்குவதில்லை.

அன்றோடு என் விரதம் முடிந்தது. நாக்கு ஆறிய பிறகு சலீம் நானா எனக்கு முதலிலிருந்து பழக்கினார். மெல்லிய சாயம், சீனி இல்லை, பால் இல்லை. ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்திருந்து பிறகு விழுங்கவேண்டும். இரண்டாம் தண்ணீர் உண்மையிலேயே பேசும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் மாறிப்போயிருந்தார். பின்னால் நிற்பவர்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. கை வழக்கம்போல இரண்டு கோப்பை எடுக்கும், அவர் பிஸ்மில்லா என்று உரக்கச் சொல்வார். எனக்கு ஒரு கோப்பையைத் தருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புறங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பார். என் நாக்கு மறுபடி வெந்துவிடக்கூடாது என்று பார்க்கிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த அன்று ராத்தா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். புருஷன் மௌத்தானபின் அடைந்திருக்கும் இத்தாவில் இருப்பதால் வெளியே வரவில்லை. நான் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தலைவர், இத நான் மனசுல வெச்சிருக்க ஏலாது. அன்னைக்கு ரெண்டு கேத்தல் தந்தேனே, நெனவிருக்கா?"

"இருக்கு ராத்தா."

"ஒண்ணுதான் அடுப்புல கொதிச்சது. மத்தது கொடத்துத் தண்ணி. பச்சத்தண்ணி. அவருதான் அப்படித் தரச் சென்னாரு."

"எதுக்கு?"

"நீங்க அந்த மலையில தேடித் தேடி அலையிறத அவரால பாக்க ஏலாமப் போச்சு. ஒரு கோப்பை விரியாம ஈந்தா, அந்த எடம்தாண்டு சொல்லி உங்க மகள நிம்மதியா அனுப்பலாம்டு நெனச்சாரு. பொய்தான். அல்லாஹ் மன்னிப்பாண்டு சென்னாரு. எந்தக் கோப்பைண்டு கூட அவரு யோசிக்கல்ல. கை போன எடத்துல ஊத்தினாராம்."

தெருவில் ஒரு பஸ் போயிற்று. நான் கேட்டேன்: "ஆனா அது விரிஞ்சிச்சே ராத்தா?"

"விரிஞ்சிச்சு. நான் திரைக்குப் பின்னால நிண்டு பாத்தேன். நீங்க வாயப் பொத்தினதையும் பாத்தேன். அவரு உள்ள வந்து கொடத்துக்குள்ள கைய விட்டுப் பாத்தாரு. ஐஸ் மாதிரி ஈந்திச்சு. அதுக்குப் பொறவு அவரு அந்தக் கேத்தலத் தொட்டதேயில்ல."

"ரெண்டு கோப்பை எடுப்பாரே, அது?"

"அதுல பொய் இல்ல தலைவர். அந்தக் கை அவரு பேச்சக் கேக்காது. அவருக்கே பயம்."

மேசை மேல் ஒரு கோப்பையில் இலைத் தேயிலை மூடி வைத்திருந்தார்கள். குடித்தேன். ராத்தா ஒரு கோப்பைதான் வைத்திருந்தார். அந்த மேசையில் எனக்கு முன்னால் ஒரே கோப்பையை நான் கண்டது அதுதான் முதல் தடவை. இடம் வெறிச்சென்று இருந்தது.

மனைவி கிடக்கும் இடம் ஒரு பொய்யால் கிடைத்தது என்று இப்போது என்னிடம் சொல்லப் பலர் வருவார்கள். வரட்டும். சலீம் நானா சொன்னது பொய்யாக இருக்கலாம். அவர் கை சொன்னது பொய்யல்ல. அவள் அந்த மூன்றாம் நிரையில்தான் இருக்கிறாள்.

சலீம் நானாவின் போத்தலை அவருடைய மகன் எடுத்துக்கொண்டான். தராசையும் கடையையும் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு யாரும் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. சலீம் நானாவின் ஞாபகமாக என்னிடம் இருப்பது என் நாக்கு நுனியில் ஒரு மிளகு அளவு இடம். அன்று வெந்த இடம். அங்கே ருசி திரும்பவே இல்லை. இப்போது தினமும் காலையில் மூன்று விரல் நுனியில் வருகிற இலையைப் போட்டு, அவர் சொன்னபடி மூடி வைத்துக் குடிக்கிறேன். வாய் முழுக்கத் தேயிலை மணக்கும்போது அந்த ஒரு புள்ளி மட்டும் ஒன்றும் அறியாமல் குளிர்ந்தே கிடக்கிறது, குடத்துத் தண்ணீரைப் போல.